பதினோரு பாட்டு

டவுன்ஹால் ரோட்டில் நாங்கள்
இரண்டு ஜிபி எண்ணூறு என்று எழுதினால்
எதிர்க்கடை சிக்கந்தர்
டீ ஆறுவதற்குள்
நாலு ஜிபி, அதே எண்ணூறு என்பார்.
சாக்பீஸ் என் கையில்.
அழித்து அழித்து எட்டு மட்டும்
பலகையில் தழும்பாகிவிட்டது.

மூன்றாம் நாள் அறுநூற்றைம்பது.
ஹெட்போன் சும்மா.
"ஆயிரம் பாட்டு பிடிக்கும்ணே" என்றேன்.

மாட்டுத்தாவணியில் மூட்டை இறக்கும் விருமாண்டி
சட்டையில் ஒட்டிய வெங்காயத் தோலைத்
தட்டிவிட்டுச் சொன்னார்:
"எங்கிட்ட பதினொண்ணுதான் இருக்கு.
ஏழு, மூட்டை தூக்க.
மூணு, தூங்க.
ஒண்ணு எதுக்குன்னு சொல்ல மாட்டேன்.
பதினொண்ணுக்கு எவ்வளவு?"

முதலாளி கால்குலேட்டரைத் தட்டினார்,
பூஜ்யமாக்கினார்,
மறுபடி தட்டினார்.

எதிரே சிக்கந்தர்
பலகையைத் துடைத்துவிட்டு
எழுதாமல் நின்றார்.