பொது இடம்

கல்மண்டபத்தில் இறங்கி
படகு எஞ்சின் உதிரிபாகக் கடைக்கு மேலே
ஒடுங்கிய மாடிப்படி.
துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆபீஸ்.
நாலு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரே சுவிட்ச்.
"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."
எந்த ஆபீஸிலும் முதல் வாக்கியம் இதுதான்.
எந்த நேற்று என்று நான் கேட்பதில்லை.

மூன்று ஒன்றையொன்று பார்க்கின்றன.
ஜன்னலோரம் இருக்கும் நான்காவது
யார் கண்ணிலும் படவில்லை.
இணையம் வருகிறது அதற்கு, மெயில் போகிறது.
பிரிண்டர் மாட்டியிருப்பதும் அதில்தான்.
கையெட்டும் தூரத்தில் நூருல்லாவின் மேசை;
அதிலிருந்து ஒரு பில்லை அவர் எடுக்க
பென் டிரைவ் எழுந்து நடக்கவேண்டியிருக்கிறது.

முதலில் கேபிள்.
பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.
சுவர் மூலையில் பெருச்சாளி ருசி பார்த்த நீல ஒயர்:
மேல்தோல் போயிருக்கிறது, உள்ளே எட்டு நரம்பும் நலம்.
வெளியே டிரெய்லர்கள் வரிசை.
ஒவ்வொன்று நகரும்போதும்
மேசை, மானிட்டர், என் டம்ளரின் டீ
ஒரே அதிர்வில் இணைகின்றன.
இந்த நெட்வொர்க்கில் மட்டும் கோளாறே வந்ததில்லை.

எண்களைப் பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு,
ஒன்று, கடைசியில் பதினான்கு.
எல்லோரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள்.
கதவு எண் இடிக்கவில்லை.
குழுவின் பெயரும் ஒன்றே:
முதலாளி மகளின் பெயர், ஓர் எழுத்து குறைச்சலாக.
நாலிலும் அதே பிழை,
அதனால் பிழையில்லை.

கறுப்புத் திரை திறந்து பிங் அனுப்பினேன்.
ஜன்னலோரத்திலிருந்து நூருல்லாவுக்கு:
கண் இமைக்குமுன் பதில்.
நூருல்லாவிடமிருந்து ஜன்னலோரத்துக்கு:
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நேரம் கடந்தது.
நான்காவதற்கும் காத்திருந்தேன், பழக்கம்.

அது கூப்பிட்டால் மற்றவை பேசுகின்றன.
மற்றவை கூப்பிட்டால் அது வாய் திறப்பதில்லை.
காது கேட்காமல் இல்லை.
கேட்டுவிட்டு, கதவுக்குப் பின்னால் நிற்கிறது.

"இதுல யாரு உட்காருறது?"
செலஸ்டினா கை தூக்கினாள், பள்ளிக்கூடத்தில்போல.
வேலைக்குச் சேர்ந்து பதினோரு நாள்.
நேற்று மிஷின் அப்டேட் முடிந்து எழுந்தபோது
திரையில் ஒரு கேள்வி வந்ததாம்:
இது சொந்த இடமா, பொது இடமா?
"பொதுன்னு அழுத்தினேன் சார்.
டிரைவருங்க வராங்க, கிளீனருங்க வராங்க,
கீழ்க்கடைக்காரரு தண்ணி புடிக்க வராரு,
பாத்ரூமுக்குத் தாழ்ப்பாகூட இல்ல.
பொது இடந்தானே?"

தணிகாசலம் சார் ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்.
நூருல்லா சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தினார்.

இயந்திரம் அவளை நம்பியிருக்கிறது.
பொது இடத்தில் எப்படி இருக்கவேண்டும் என்று
அதற்குத் தெரியும்:
பெயர் சொல்லாதே.
கூப்பிட்டால் திரும்பாதே.
கையில் இருப்பதை வெளியே எடுக்காதே.
ராத்திரி ஏழரை மணி திருவொற்றியூர் பஸ்ஸில்
பையை மார்போடு அணைத்து நிற்பவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியிராத மூன்று.

என் வேலை ஒரே ஒரு சொடுக்கு.
'சொந்த இடம்' என்று மாற்றுமுன்
அவளை ஒருமுறை பார்த்தேன்.
"மாத்துங்க சார், வேலை நடக்கணும்ல" என்றாள்.

பட்டியலில் நான்காவது பெயர் மெதுவாக எழுந்து வந்தது.
காலையிலிருந்து மூன்று மேசைகளிலும் தேங்கிக்கிடந்தவை
ஒருவர் பக்கத்தில் ஒருவர் பக்கம் கலந்து
பிரிண்டரிலிருந்து கொட்டின.
யாருடையது எது என்று
எல்லோரும் குனிந்து பொறுக்கினோம்.

சர்வீஸ் சீட்டில் பரிந்துரை என்று ஒரு கட்டம்.
எப்போதும் கோடிழுத்து விடுவேன்.
இன்று எழுதினேன்:
தாழ்ப்பாள் ஒன்று. நான்கு அங்குலம்.
திருகாணியோடு.

தணிகாசலம் சார்
படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.