பதினாறில் ஏழாவது

தென்காசிப் பக்கம் கலைந்துபோன மெல்லிசைக் குழு ஒன்றின்
பேஸ் கிட்டார். ஆறாயிரத்து ஐந்நூறு.
ஒரு திருகாணி இல்லை.
கம்பிகள் நான்கும் சைக்கிள் பிரேக் கம்பி கனம்.
பஸ்ஸில் உறையைத் தட்டி கண்டக்டர் கேட்டார்,
"இதென்ன தாயி?"
"பேஸ்."
"பாஸா? காட்டு."
அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் வாங்கினேன்.

ஹைகிரவுண்டில் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
பகலெல்லாம் எண்ணுவதுதான் என் வேலை.
கண் நுண்ணோக்கியில், கட்டைவிரல் கவுண்டரில்,
நூறாவது அணுவுக்கு மணி அடிக்கும்.
எண்ணத் தெரிந்தவளுக்கு
இது எம்மாத்திரம் என்றுதான் ஆரம்பித்தேன்.

இரண்டே பார்.
மூன்று நிமிஷம் ஐம்பது விநாடிக்கு
அதையேதான் வாசிக்கிறார் அவர்.
நான் பிறப்பதற்குப் பதினோரு வருஷம் முந்தி,
எந்தக் கடலுக்கு அந்தப் பக்கமோ ஓர் அறையில்.
முகம் பார்த்ததில்லை.
கேட்டால் தோன்றும்:
வார் அறுந்த செருப்போடு ஒருத்தன்
அது வெளியே தெரியாதிருக்க
ஸ்டைலாக நடக்கிறான்.

கட்டைவிரலால் அடி. சுட்டுவிரலால் சுண்டு.
இடது கையைக் கம்பிமேல் சும்மா போர்த்து,
அப்போது விழும் தட்டுக்குச் சுரம் கிடையாது,
டொக் மட்டும்.
பதினாறில் ஐந்துதான் பேசும்.
மீதி பதினொன்றும் உதட்டை அசைக்கும்.
என் கையிலோ பதினாறும் பேசின,
கடைசிப் பந்திக்கு முண்டும் கல்யாண வீடு போல.

கீழ்வீட்டுச் செர்மக்கனி அண்ணாச்சி
படியேறி வந்து நின்றார்.
"மோட்டார் போட்டிருக்கியா?
ஆத்துத் தண்ணி நாளைக்குல்லா வரும்?"

கொப்புளம் உடைந்து, காய்ந்து, தோல் தடித்தது.
ஊரார் விரல்களைக் குத்துகிறவளின் விரலில்
இப்போது ஊசி இறங்காது.
மேலப்பாளையத்திலிருந்து சர்க்கரை பார்க்க வந்த
செய்யதலி பாத்திமாவுக்கு இரண்டு முறை குத்தவேண்டி வந்தது.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
என் கையைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்,
"நீயும் பீடி சுத்துதியா?"

ஆனிக் காற்றில் தகரமெல்லாம் அடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை.
பராமரிப்பு வேலை என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள்.
ஸ்பீக்கர் செத்துக் கிடந்தது.
கிட்டாரின் கொம்பில் தாடையை வைத்தேன்.
காதுக்கு வராதது
எலும்பு வழியாக வந்தது, பல்லில் கூசியது.
போனில் அவரைப் பாதி வேகத்துக்கு இறக்கினேன்.

நாற்காலி முனகுகிறது.
மோதிரம் எங்கோ மரத்தில் இடிக்கிறது.
ஏழாவது தட்டு பிந்தி வருகிறது.
ஒரு மயிரிழை. ஒவ்வொரு முறையும்.
இரண்டாவது தகதிமியின் தி.
நான் இத்தனை நாளும்
அதைத் திருத்தி வாசித்துக்கொண்டிருந்தேன்.

நேரத்துக்கு வருவது எனக்குச் சுலபம்,
ஏழு வருஷத்துப் பயோமெட்ரிக் சாட்சி.
வேண்டுமென்றே பிந்துவது எப்படி?
நினைத்துப் பிந்தினால் அதிகம் பிந்துகிறது.
நினைக்காவிட்டால் சரியாக வந்து நிற்கிறது
கடன்காரன் மாதிரி.

நாற்பதாவது தடவையோ என்னவோ,
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
எச்சில் விழுங்கினேன்.
தாடை மரத்தில் இருந்ததால்
தொண்டை இறங்கிய சத்தமும் கேட்டது.
அதற்கு அப்புறம்தான் விரல் விழுந்தது.

மறுபடி விழுங்கினேன். மறுபடி.
கரண்ட் வந்தது, ஸ்பீக்கர் கொர்ரென்றது,
நிறுத்தவில்லை.
செருப்பு அறுந்தவன் என் அறைக்குள் நடந்தான்,
ஜன்னல் கண்ணாடி அவனோடு சேர்ந்து அதிர்ந்தது.

"ஏ தாயி," படிக்கட்டிலிருந்தே கத்தினார் அண்ணாச்சி,
"மோட்டாரை நிப்பாட்டு, திக்குது!
கெப்பாசிட்டர் போயிட்டு போல!"

மறுநாள் சர்ச் முடிந்து வந்து
விழுங்கிப் பார்த்தேன், வாய் உலர்ந்திருந்தது.
தண்ணீர் குடித்துவிட்டும் பார்த்தேன்.
பதினாறும் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தியா, தானா சரியாயிட்டு,"
என்றார் அண்ணாச்சி,
சந்தோஷமாக.