ஒரு கூடு குறைவாக

வார்டோ நகராட்சியில் எனக்கு வேலை
கோடையில் எண்ணுவது,
இலையுதிர்காலத்தில் சுரண்டுவது.
கிரேன் கூண்டில் நின்றபடி
பழைய மீன் கிடங்கின் சுவரோடு
மாடி மாடியாக ஏறுவேன்.

கிடங்கை வீடுகளாக்கி வாடகைக்கு விட்டு
பன்னிரண்டு வருடமாகிறது.
ஜன்னல் விளிம்புகளை மட்டும்
கருங்கால் கடற்புறாக்கள் எடுத்துக்கொண்டன.
அவை வாடகை தருவதில்லை.
மூன்றாம் மாடி ஹால்வரும் தருவதில்லை என்று கேள்வி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம்
அந்தப் பக்கம் ஒரு குடும்பம்
நடுவில் அரை அங்குலம்.
வெளியே இருப்பவற்றை எண்ணத்தான் சம்பளம்.
கண் அதையெல்லாம் கேட்பதில்லை.

மே மாதம்.
ஏழாம் விளிம்புக்காரன்
வாய் நிறையச் சேறும் புல்லும் கொண்டுவந்து
மிதித்து மிதித்துச் சமப்படுத்திவிட்டு
மறுபடி பறந்தான்.
அவன் புள்ளியாகி மறைவதற்குள்
எட்டாம் விளிம்பிலிருந்து ஒரு கழுத்து நீண்டது.
ஒரு புல்லிழை.
இன்னொன்று.
பிறகு அது கடலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது,
சேறும் தெரியாது, புல்லும் தெரியாது என்கிற முகத்தோடு.

அந்த முகத்தைக் கூட்டுறவுக் கடை வாசலில் பார்த்திருக்கிறேன்.
அடுத்தவன் இடுப்பொடியப் பனி வாரிய இடத்தில்
தன் காரைச் செருகிவிட்டு
ரசீதை வரி விடாமல் படிப்பவனின் முகம்.

முதல் வருடம் ஒன்று புரியவில்லை.
கடலுக்குப் போனது திரும்பி வந்து இறங்கியதும்
இரண்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கத்தும்.
சண்டை என்று நினைத்தேன்.
வந்துட்டியா,
வந்துட்டேன்,
இவ்வளவு நேரமா?
கொஞ்சம் சண்டையும்தான்.

பதினான்காம் விளிம்புக்கு உள்ளே தூரிட் வீடு.
ஐலிஃப் படகிலிருந்து வந்து
பூட்ஸைக் கழற்றிவிட்டு
நேரே குளிர்பெட்டியைத் திறப்பான்.
அவள் நீலக் கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள்.
யாரும் தலையை ஆட்டியதாக நினைவில்லை.
கண்ணாடிக்கு வெளியே அத்தனை சத்தம்.

ஜூனில் ஒரு காகம் வந்தது, கறுப்பு, பெரிது.
பதினான்கில் இருந்த ஒரே முட்டையைக்
கொத்திக்கொண்டு போனது.
இரண்டும் மூன்று நாள் வெறும் கூட்டில்
முறை மாற்றி உட்கார்ந்தன.
ஜூலையில் ஐலிஃப்
இரண்டு பெட்டிகளும் ஒரு மீன்தூண்டிலுமாகப்
படி இறங்கினான்.
எனக்கு அன்று பதினெட்டாம் விளிம்பில் வேலை.
தூண்டில் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது.
எடுத்துவிட யாரும் வரவில்லை.

முட்டை பொரியாத ஜோடிகள்
அடுத்த வருடம் பிரிந்துவிடுவது அதிகம் என்றாள்
ட்ரோம்சோவிலிருந்து வந்த ஆராய்ச்சிப் பெண்.
எழுதிக்கொண்டே சொன்னாள்.
நான் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தேன்,
அது ஏற்கெனவே ஆறியிருந்தது.
என் மனைவி இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று
அவள் கேட்கவுமில்லை.

அக்டோபர்.
பறவைகள் போய்விட்டன.
சுரண்டுகோலை எடுத்துக்கொண்டு ஏறினேன்.
காய்ந்த சேறு, எலும்பு, ஒரு ஐஸ்கிரீம் குச்சி.
பதினான்கில் கோலை வைத்தபோது
சேற்றுக்குள் ஒரு முழம் நீலக் கம்பளி.

ஜன்னல் திறந்தது.
"என்னோடது" என்றாள் தூரிட்.
பிய்த்துக் கொடுக்கப் போனேன்.
"வேண்டாம், இருக்கட்டும்.
அவங்க திரும்பி வந்தா தேடுவாங்க."

ஆராய்ச்சிப் பெண் சொன்னது
நாக்கு நுனிவரை வந்தது.
குளிர் உள்ளே போகிறது,
ஜன்னலைச் சாத்துங்கள் என்று மட்டும் சொன்னேன்.

படிவத்தில் எழுதினேன்:
இருந்தவை அறுபத்தொன்று,
அகற்றியவை அறுபத்தொன்று.
கோடையில் அறுபத்திரண்டு எழுதியது நானேதான்.
கேட்டால் காற்று என்பேன்.
இந்த ஊரில் காற்றின் மேல் எதையும் போடலாம்.

கூண்டு இறங்கியது.
கீழே அதிகாரி அண்ணாந்து பார்த்து நின்றார்.
நான் கடலைப் பார்த்தபடி நின்றேன்,
சேறும் தெரியாது,
புல்லும் தெரியாது.