எது இழுக்கிறது, எது ஊதுகிறது

ஃப்ரிட்ஜ் அவனுக்கு, கட்டில் எனக்கு
என்று தீர்ப்பானது.
பூனையைப் பற்றி நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை.

ருஸ்தாவியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
காசு போட்டால்தான் நகரும்.
கோச்சாவும் அவன் சிநேகிதன் வாஜாவும்
ஃப்ரிட்ஜை உள்ளே திணித்து
தாங்களும் ஒடுங்கி நின்ற பிறகு
இரண்டு பேரிடமும் சில்லறை இல்லை.
நான்தான் போட்டேன், ஐந்து தெத்ரி.
பதினாறு வருடத்தில் நான் செலவழித்ததில்
கணக்கு வைத்திருப்பது அதை மட்டும்.

மூன்றாம் மாடிப் பக்கம் ஏதோ முறிகிற சத்தம்.
பின்புறக் குழாய் எதிலோ மாட்டி
அத்தனை வருடக் குளிரும்
உஸ்ஸென்று ஒரே மூச்சில் போய்விட்டது.
கீழே இறக்கினார்கள், ஆளுக்கொரு சிகரெட் பிடித்தார்கள்,
குப்பைத்தொட்டி ஓரம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.
அவனுக்கு வேண்டியிருந்தது ஃப்ரிட்ஜ் அல்ல,
என்னிடம் அது இல்லாமல் இருப்பது.

இரவு இறங்கிப் போனேன்,
கையில் டார்ச், ஸ்பேனர், குழாய் வெட்டும் கத்தி.
ரம்பம் கூடாது, செம்புத்தூள் உள்ளே போனால்
எல்லாம் பாழ்.
அடியில், கறுப்பாய் உருண்டையாய்,
நான்கு ரப்பர் கால்மேல் உட்கார்ந்திருந்தது கம்ப்ரசர்.
எங்கள் சண்டை எல்லாவற்றையும் கேட்டது.
நடுவில் சற்று நிற்கும்,
யார் சொல்வது நியாயம் என்று யோசிப்பதுபோல.
பிறகு நமக்கென்ன என்று மறுபடி உறுமும்.

சமையல் மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன்.
உடம்பிலிருந்து மூன்று குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.
எது எதற்கென்று எழுதியிருக்கவில்லை.
ஒவ்வொன்றின் வாயிலும் விரல் வைத்தேன்.
ஒன்று விரலை இழுத்தது.
ஒன்று தள்ளியது.
மூன்றாவதும் இழுத்தது. அதை நசுக்கி அடைத்தேன்.
மனிதர்களிடமும் இப்படி
முதல் நாளே விரல் வைத்துப் பார்த்திருக்கலாம்.

தொட்டிக்கு, மூடிப்போன பள்ளிக்கூடத்திலிருந்து
ஒரு தீயணைப்பான்.
கவிழ்த்ததும் மாவு மாவாய்க் கொட்டியது.
வீடெங்கும் பூனையின் வெள்ளைக் காலடி,
படுக்கை வரைக்கும்.
அழுத்தமானி பழைய மார்க்கெட்டில்,
ஹோஸ் ஒரு டிராக்டரில் இருந்து,
சுவிட்ச் எதில் இருந்ததோ தெரியாது.
அளவு மீறினால் தானே திறந்துகொள்ளும் வால்வு,
அதை மட்டும்
கடையில், புதிதாக, பேரம் பேசாமல் வாங்கினேன்.

என் பிழைப்பு நகங்கள்.
பேனா அளவுக் குழலில் சாயம் ஊற்றி
காற்றால் தூவி வரைவது.
முன்பிருந்த மெஷின் மோட்டார் சைக்கிள்போல் கத்தும்.
கீழ்வீட்டு எத்தேரி நர்ஸ், பகலில் உறங்குபவள்,
துடைப்பக்கட்டையால் தன் கூரையை இடிப்பாள்.
இது உறுமுவது அவளுக்குக் கேட்பதே இல்லை.
என்ன சியாலா, தொழிலை விட்டுவிட்டாயா
என்று படிக்கட்டில் விசாரித்தாள்.

முதல் நாள், நாத்தேலாவின் பத்து விரலிலும்
நீல வானம் கேட்டாள், தூவினேன்.
காற்றோடு எண்ணெயும் வந்துவிட்டது.
வானமெங்கும் மீன்கண் மீன்கண்ணாய்ப் பொத்தல்.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள்
விரல்களை விரித்துப் பார்த்து, மழையா, என்றாள்.
மழைதான், என்றேன்.
கூடுதலாக ஐந்து கொடுத்துவிட்டுப் போனாள்.
மறுநாளே இரண்டு வடிகட்டி மாட்டினேன்.
இப்போது மழை கேட்டு வருகிறவர்களுக்கு
கையால்தான் புள்ளி வைக்கவேண்டியிருக்கிறது.

வெண்ணெயும் பாலாடைக்கட்டியும்
பால்கனியில் பையில் தொங்குகின்றன.
மார்ச் வரைக்கும் கவலையில்லை.

எங்கோ ஒரு மூட்டில் கசிகிறது.
விடிகாலை மூன்று மணிக்கு அழுத்தம் இறங்கி
தானாக ஓடத் தொடங்குகிறது.
தூக்கத்தில்,
கதவைச் சரியாகச் சாத்து கோச்சா, என்கிறேன்.
சொன்ன சத்தத்தில் நானே விழிக்கிறேன்.
ஆறு பார் ஏறி டக்கென்று நிற்கும்வரை
இருட்டில் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன்.
பூனை காலை மாற்றிப் படுக்கிறது.

நாளைக்கு
சோப்பு நுரை தடவிப் பார்க்கவேண்டும்,
எந்த மூட்டு என்று.