நாலு கிராம்

ஃபெர்ரித் துறையின் சரிவில்
பைக் வழுக்கியது ஒரு திங்கட்கிழமை.
முழங்காலைப் பார்த்தேன், விளக்கைப் பார்த்தேன்,
பெட்டியைக் கடைசியில்தான் திறந்தேன்.
பித்தளைக் கிலோக்கல்லின் விளிம்பில்
ஒரு புளியங்கொட்டை அளவு பெயர்ந்திருந்தது.
கீறல்தான் என்றேன்.
யாரும் கேட்காதபோதே பதில் சொன்னேனே,
அப்போதே தெரிந்திருக்க வேண்டும் எனக்கு.

பினாங்குப் பசார்களில் தராசு சரிபார்ப்பவன் நான்.
கல்லை வைப்பேன், எண்ணைப் பார்ப்பேன், ஸ்டிக்கர் ஒட்டுவேன்.
பதினேழு வருடம்.

சௌராஸ்தாவில் செய்யது மஸ்தானின் மசாலாக் கடை.
என் கல்லுக்குச் சரியாக ஆயிரம் காட்டியது.
"பார்த்தீங்களா" என்று சிரித்து
ஜாதிக்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

கருவாடு விற்கும் ஆ ஹுவாட்
தராசையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
"ஸ்டிக்கர் லா, ஸ்டிக்கர்" என்றான்.
ஒட்டியதும் அவன் உலகம் நேராகிவிட்டது.

இருதயமேரி வெங்காயக் கூடைகளுக்கு நடுவில்.
ஐந்து காசு கூட வாங்கிவிட்டால்
கொம்தார் பஸ் நிறுத்தம்வரை ஓடுகிறவள்.
நிறுத்த பிறகும் மேலே ஒரு வெங்காயம் போடுவாள்,
அப்படியும் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில்
அந்த ஐந்து காசையே சொல்லிக்கொண்டிருப்பாள்.
சாமியாரே சலித்து, போம்மா என்கிறாராம்.
அவள் தராசில் என் கல்
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு.
"அக்கா, இத்தனை நாளும் நாலு கிராம்
கூடவே கொடுத்திருக்கீங்க. நட்டம் உங்களுக்குத்தான்."
திருத்தி ஆயிரமாக்கினேன்.
தராசையும் என்னையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து
கோலாலம்பூருக்கு அனுப்பிய கல் திரும்பி வந்தது,
கூடவே ஒரு சீட்டு: நாலு கிராம் குறைவு.
அன்று இரவு எல்லாவற்றையும் தலைகீழாகக் கூட்டினேன்.
ஆயிரம் காட்டியது பொய்.
குறைத்துக் காட்டியதுதான் மெய்.
மெய்யைத் திருகிப் பொய்யாக்கி
அதன்மேல் அரசாங்க முத்திரையும் ஒட்டியிருக்கிறேன்.

மஸ்தானிடம் போய்ச் சொன்னேன்.
"நாலு கிராமில் யார் செத்தா தம்பி?
ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்."
ஆ ஹுவாட்டின் எண் என் குறிப்பேட்டில் இல்லை.
பார்த்தேனா என்பதே நினைவில்லை.

மேரியின் கடைக்குப் புதுக் கல்லோடு போனேன்.
அவள் முந்திக்கொண்டாள்:
"நீங்க வந்துட்டுப் போனதிலேர்ந்து
மேல்வெங்காயம் போடுறதில்ல தம்பி.
சாமியார்கிட்ட சொல்ல ஒண்ணுமே இல்ல இந்த வாரம்.
ராத்திரி தூக்கம் வருது."

மனம் சாட்சி சொல்லும் என்கிறார்கள்.
என் சாட்சி கூண்டில் ஏறி நின்று
எந்தக் கட்சிக்காக வந்தோம் என்று
என்னையே கேட்டது.
சொன்னால், மூன்று வாரத்து முகங்களைத் தேடி
ஜார்ஜ்டவுன் முழுக்க ஓடுவாள்.
சொல்லாவிட்டால், அவள் படுத்திருப்பது
என் உடைந்த கல்லின்மேல் விரித்த பாய்.

"ஒரு கிலோ போடுங்க" என்றேன்.
போட்டாள். ஆயிரத்தில் நின்றது.
பையை வாங்கித் தரையில் வைத்துவிட்டுப்
பெட்டியின் கொக்கியை நீக்கினேன்.

"அக்கா, இந்தக் கல்லைக் கொஞ்சம் பாருங்க."

அவள் கல்லைப் பார்க்கவில்லை.
என் குரலை எங்கோ வைத்து நிறுத்தவள்போல
ஒரு கணம் நின்றாள்,
பிறகு கூடையில் கைவிட்டு
ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.