வாழ்நாள் எண்ணெய்

கையேட்டின் இருநூற்றுப் பதினான்காம் பக்கம் சொல்கிறது:
கியர்பெட்டி எண்ணெய் வாழ்நாள் முழுமைக்கும்.
யாருடைய வாழ்நாள் என்று சொல்லவில்லை.

மீட்டரில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்.
பாதிக்கு மேல் எனக்கு முன்னால் இருவர் ஓட்டியது.
ஒருவர் திருப்பூர், பனியன் கம்பெனி.
இன்னொருவர் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு கையெழுத்து.

கிளட்ச் மிதிக்க வேண்டிய காலை
இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் எடுத்துக்கொண்டது.
வலது கால் மட்டும் போதும் என்கிற வண்டி
அரவேணுவில் இது ஒன்றுதான்.
"ஆட்டோமேட்டிக்கா மேடம், ஜாலிதான்" என்பான் பங்க் பையன்.
நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பேன்.

கார்த்திகையில் ஆரம்பித்தது.
குளிர்ந்த காலையில் டி-யில் போட்டால்
ஒன்று, இரண்டு, மூன்று,
பிறகுதான் வண்டிக்கு நினைவு வருகிறது.
குஞ்சப்பனைக்கு மேலே, வளைவு முடிந்து மிதிக்கையில்
இன்ஜின் கத்துகிறது, சக்கரத்துக்குக் கேட்கவில்லை,
நடுவில் யாரோ கையை விட்டுவிட்டது போல.
ரிவர்சுக்கும் அதே மூன்று.
அந்த வளைவில் யானை நிற்கும்.
யானை மூன்று வரை எண்ணாது.

தேயிலை ஃபேக்டரியில் என் வேலை முகர்வது.
டிரையரிலிருந்து வரும் தூளில்
வெறும் சூடு எது, கருகல் எது என்று
நாற்பது கோப்பைக்கு நடுவில் சொல்லிவிடுவேன்.
அளவுக்கோலை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன்.
சிவப்பாக இருக்க வேண்டியது
மூன்றாம் தடவை கொதித்த டிகாஷனாக இருந்தது.
மூக்கருகே கொண்டுபோனேன்.
இந்தத் தூளை நான் ஏலத்துக்கு அனுப்ப மாட்டேன்.

கேட்ட ஆளுக்கு ஒரு கணக்கு.
நாற்பதாயிரத்துக்கு ஒருமுறை, கோவை ஷோரூமில்.
அறுபது, தங்கை வீட்டுக்காரன் போஜராஜ்;
அவனிடம் இருப்பது டிராக்டர்.
தொடவே தொடாதீங்க, மார்க்கெட் மெக்கானிக் அல்போன்ஸ்:
"தேஞ்ச தூள் அந்த எண்ணெயிலதான் மிதக்குது.
இப்போதைக்கு அதுதான் பிடிமானமே.
புதுசு ஊத்தினா கழுவிட்டுப் போயிரும்,
அடுத்த நாள் வண்டி நிக்கும்."
பயமுறுத்தவில்லை. அப்படி இரண்டு வண்டி பார்த்தவர்.

மாற்றினால் நிற்கும், மாற்றாவிட்டாலும் நிற்கும்.
ஒரு வாரம் இதோடு ஏறி இறங்கினேன்.
ஒருநாள் பஸ்ஸில் போனேன்.
படி உயரம். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

மேட்டுப்பாளையம், காரமடை ரோடு, யூனுஸ்.
இன்னொரு வண்டிக்கு அடியில் இருந்தபடியே கேட்டார்,
எத்தனை கிலோமீட்டர் என்று.
சொன்னேன்.
"அது கீழ இருக்கறவங்க கணக்குங்க.
வாரத்துக்கு எத்தன வாட்டி மலை ஏறறீங்க?"
மூன்று.
"அப்ப நாற்பதைப் பாதியாக்குங்க.
இருபதாயிரம், இல்லாட்டி ரெண்டு வருசம்.
சூடுதானுங்க எண்ணெயத் திங்குது, தூரம் இல்ல."

பிறகு வெளியே வந்து கை துடைத்தார்.
"மொத்தத்தையும் உருவ மாட்டேன். மெஷின் வச்சுக் கழுவவும் மாட்டேன்.
போல்ட்டக் கழட்டினா மூணு லிட்டர் தானா வரும்.
வந்த அளவு ஊத்தறேன்.
மிச்ச நாலும் பழசு, உள்ளயே இருக்கட்டும்.
ஆயிரம் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு மூணு.
ஓடும்னு எழுதித் தர மாட்டேன்."
அந்தக் கடைசி வரிக்காகச் சாவியைக் கொடுத்தேன்.

போல்ட்டின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு,
கண்மை போல.
விரலில் தேய்த்துக் காட்டினார்:
"தூள்தான். துண்டு இல்ல."
அந்த விரலை முகர்ந்து பார்த்தேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் கையேட்டை எடுத்து
வாழ்நாள் என்ற சொல்லைப் பென்சிலால் அடித்தேன்.
ஓரத்தில் 1,88,000.
அதன் கீழே 1,89,000.
அதன் கீழே எழுத இடமிருந்தது, எழுதவில்லை.

மாலை ஐந்தரை. சோதனைச் சாவடி தாண்டி,
பலா மரங்கள் தாண்டி, அதே வளைவு.
மிதித்தேன்.
கத்தியது, ஆனால் குட்டையாக. பிறகு பிடித்தது.
குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
ஏழில் மூன்று புதிது.

முன்னால் யாருமில்லை, பின்னாலும்.
நிறுத்தி, சும்மா ரிவர்சில் போட்டேன்.
ஒன்று,
இர