தண்ணி நண்டு

வேதாளைக் கரையில் பதினோரு வருஷமாக
நண்டை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.
ஓடு பெரிதாக இருக்கும், கொடுக்கும் நீலமாக இருக்கும்,
அடிவயிற்றில் விரல் வைத்தால் பொதுக்கென்று போகும்:
தண்ணி நண்டு. பாதி விலை.
கொண்டுவந்தவர் எத்தனை சத்தியம் செய்தாலும் பாதி விலைதான்.

மதுரையில் கார் வாங்கியபோது
விரல்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.
நூற்றைம்பது இடங்களில் சோதித்த சான்றிதழ்,
நூற்றைம்பது பச்சை டிக்.
பானெட்டில் சிவப்பு ரிப்பன்,
என் உயரத்தில் பாதிக்கு ஒரு அட்டைச் சாவி.
அதைப் பிடித்தபடி போட்டோவில் சிரித்திருக்கிறேன்,
பல் எல்லாம் தெரிய.

மூன்றாம் நாள்
மேகமே இல்லாத மண்டபம் சாலையில்
வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது.
ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை,
ஜும்ஆவுக்கு ஊரே அமைதியாக நின்ற நேரம்
பள்ளிவாசல் எதிரே
யாருமில்லாத வண்டிக்குள்ளிருந்து ஹாரன்.
நிறுத்தவே இல்லை.
செருப்பில்லாமல் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கியவன்
என் தம்பி செய்யது.
அன்று முழுக்க அவன் என்னோடு பேசவில்லை.

முதல் தடவை போனேன்.
ஃபியூஸ் மாற்றி, காரைக் கழுவியும் கொடுத்தார்கள்.
இரண்டாம் தடவை போனேன்.
காபி கொடுத்தார்கள்.
"உப்புக் காத்து மேடம். கடலோரம் வச்சிருக்கீங்க,
துரு வாரண்டியில வராது" என்றார் மேனேஜர் பிரசன்னா.

ஒன்பது நாளில் எந்த உப்பு அப்படித் தின்னும்?
என் இரும்புத் தராசு
கடலிலிருந்து நாற்பது எட்டில் நிற்கிறது.
கச்சானும் அடித்தது, வாடையும் அடித்தது.
இன்றைக்கும் ஐம்பது கிராம் பிசகாது.

உச்சிப்புளி பூமிராஜ் சீட்டைக் கழற்றினார்.
கார்ப்பெட்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கியதும்
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அக்கா, இந்த வண்டி நீச்சல் அடிச்சிருக்கு."

சாம்பல் நிறத்தில் காய்ந்த வண்டல்.
கிளறினால் நெல் உமி.
எங்கள் மணல் எனக்குத் தெரியாதா?
வெள்ளையாக, சிப்பித் துணுக்கோடு,
உள்ளங்கையில் நிற்காமல் வழியும்.
இது ஒட்டியது.
வேதாளையில் வயல் ஏது?

மூன்றாம் தடவை
இரண்டு பொட்டலத்தோடு போனேன்.
பிரசன்னாவின் கண்ணாடி மேசையில் பிரித்து வைத்தேன்.
இது எங்க ஊரு. இது எந்த ஊரு?
"அமுக்கிப் பாருங்க தம்பி" என்றேன்.
அவர் கட்டைவிரலை வைத்தார். வண்டல் உடைந்தது.
உமி ஒன்று நகத்தில் ஒட்டிக்கொண்டது.
அதை மேசைக்கு அடியில் தட்டிவிட்டார்.
பாவம், அவர் வாங்கி விற்ற வண்டி இல்லை அது;
அவருக்கும் ஒரு பச்சை டிக்தான் காட்டியிருப்பார்கள்.

உள்ளே போனார். போன் பேசினார். வந்தார்.
திருப்பி எடுத்துக்கொள்வார்களாம்.
ஓட்டிய தூரத்துக்கு மட்டும் பிடித்தமாம்.
ஆயிரத்து இருபது கிலோமீட்டர்.

கணக்கு எனக்கு வாயிலேயே வரும்.
வீட்டுக்குக் கொண்டுபோனது நூற்று நாற்பத்தைந்து.
சும்மா ஓட்டியது நூற்றைம்பது.
மிச்சம் எழுநூற்று இருபத்தைந்தும்
உங்களிடம் சொல்ல வந்தது, தம்பி.
அதுக்கும் காசா?

மேலே கேட்டுச் சொல்வதாக எழுந்தார்.
பெயர் எழுதும் இடத்தில் மு. சபுரா பீவி என்று எழுதி
கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டேன்.

வெளியே ஒரு புதுத் தம்பதி
அதே அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.
போட்டோக்காரப் பையன் "ஸ்மைல்" என்ற நேரம்
யார்டின் மூலையில் நின்ற என் கார்
ஹாரன் அடித்தது.
அடித்துக்கொண்டே இருந்தது.
அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்,
காரை முதலில், பிறகு என்னை.

போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுந்தேன்.